பெயரை மறைத்துக்கொண்டு இணையத்தில் இயங்குவது எப்படி: சிறிய ஊர்களில் வாழ்வோருக்கு ஒரு வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு கொமினிகேஷன் கடையில் என் நண்பர் ஒருவர் முறைப்பாட்டுக் கடிதம் ஒன்றைத் தட்டச்சுச் செய்வித்தார். தாம் வேலை பார்த்த இடத்தில் நடந்த முறைகேட்டைக் கொழும்பிலுள்ள தலைமையகத்துக்குத் தெரிவிப்பது அவருடைய நோக்கம். கடிதத்தில் பெயரும் இல்லை, ஒப்பமும் இல்லை. அதற்கென்றே திறந்த புதிய மின்னஞ்சலிலிருந்து, வி.பி.என். (இணைய முகவரியை மறைக்கும் செயலி) போட்டுக்கொண்டு அனுப்பினார். மூன்றாம் நாள் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இணைத்து அனுப்பிய வேர்ட் கோப்பின் விபரப் பகுதியில், எழுதியவர் என்ற இடத்தில் அந்தக் கடையின் பெயர் இருந்தது. அதுவும் போதாதென்று, அவர் வாயால் சொல்லச் சொல்லக் கடைக்காரப் பையன் தட்டியதால், கடிதத்தில் மூன்று இடங்களில், 'பிறகு' என்பதற்கு எங்கள் ஊரில் வழங்கும் 'மறுகா' என்ற சொல் அப்படியே விழுந்திருந்தது. அந்த வேலைத்தலத்தில் மட்டக்களப்பைச் சேர்ந்தவர்கள் இரண்டே பேர். மற்றவர் அந்த மாதம் முழுவதும் விடுமுறையில் இருந்தார்.

வி.பி.என். தன் வேலையைச் சரியாகவே செய்தது. அவரைக் காட்டிக்கொடுத்தவை எல்லாம் வி.பி.என். தொடாத இடங்கள். இணையத்தில் அநாமதேயமாக இருப்பது பற்றிய வழிகாட்டிகள் பெரும்பாலும் மென்பொருளில் தொடங்கி மென்பொருளிலேயே முடிந்துவிடுகின்றன. 'நீ ஆருட மகன்?' என்று கேட்டுத்தான் ஒருவரை அடையாளம் காணும் ஊர்களுக்கு அது போதாது. ஆகவே மென்பொருள்களுக்குக் கொடுக்கும் அதே அளவு இடத்தை, அவை மறைக்காதவற்றுக்கும் இங்கே கொடுத்திருக்கிறேன்.

முதலில், யாரிடமிருந்து

மறைய வேண்டியது யாரிடமிருந்து என்று தீர்மானிக்காமல் கருவியைத் தேர்ந்தெடுப்பது, நோயைச் சொல்லாமல் பாமசியில் மாத்திரை கேட்பதைப் போன்றது. ஒரு தாளை எடுத்து, உங்களை யார் தேடக்கூடும், அவர் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்ற இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதிய பின் அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள்.

வெல்லாவெளியில் நுண்கடன் தொல்லையில் அகப்பட்ட ஒரு பெண், தனக்குச் சட்டத்தில் என்ன வழி இருக்கிறது என்று தேட விரும்பினால், அவர் மறைய வேண்டியது அதே கைப்பேசியை எடுத்துப் பார்க்கும் வீட்டாரிடமிருந்துதான். ஒலுவிலில் படிக்கும் மாணவர் ஒருவர் தமக்கு வந்த ஒரு நோயைப் பற்றி வாசிக்கும்போது, அதைக் குறித்துக்கொண்டு பின்தொடர்பவை விளம்பர நிறுவனங்கள். சட்டவிரோத மண் அகழ்வைப் பற்றி எழுத நினைக்கும் அரச ஊழியருக்கோ மேலதிகாரி, மண் லொறிக்காரர், தேவைப்பட்டால் நீதிமன்றக் கட்டளையுடன் வரக்கூடிய பொலிஸ் என்று மூன்று தட்டுகள் இருக்கின்றன. இந்த மூவருக்கும் ஒரே செயலியைப் பரிந்துரைப்பவர் மூவரையும் ஏமாற்றுகிறார்.

பார்ப்பவர்களும் பல தரத்தினர். டயலொக், எஸ்.எல்.டி. மொபிட்டெல், ஹட்ச் போன்ற சேவை வழங்குநருக்கு உங்கள் சிம் எந்த அடையாள அட்டைக்கு உரியது, எந்தக் கோபுரத்தின் கீழ் நிற்கிறது, எந்த நேரத்தில் எந்த ஐ.பி. முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பைக் குறிக்கும் இலக்கம்) உங்களுக்குக் கொடுக்கப்பட்டது என்பவை தெரியும். இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் (இடையில் இருப்பவர் வாசிக்க முடியாதபடி குறியீடாக மாற்றுதல்) செய்யப்பட்டிருப்பதால், நீங்கள் வாசித்த பக்கம் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியும். நீங்கள் போன தளமோ உங்கள் அடையாள அட்டையை அறியாது, ஐ.பி. முகவரி, உலாவியின் சாயல், நீங்கள் உள்நுழைந்த கணக்கு ஆகியவற்றை அறியும். இந்த இரு பக்கங்களும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும்போதுதான் ஆள் அகப்படுகிறார். அநாமதேயத் தொழில்நுட்பங்கள் எல்லாம் அந்த இரு பக்கங்களுக்கும் நடுவே ஒரு சுவரை எழுப்பும் முயற்சிகளே.

மறைநிலைச் சாளரம்

குரோமில் உள்ள இன்கொக்னிட்டோ சாளரம் நீங்கள் பார்த்தவற்றை அந்தக் கருவியின் வரலாற்றில் பதியாது. அவ்வளவுதான். சேவை வழங்குநரும் தளமும் வழக்கம்போல் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். வெல்லாவெளிப் பெண்ணுக்கு இது போதும், ஆனால் இரண்டு காரியங்களைச் சேர்த்துச் செய்ய வேண்டும். சாளரத்தை மூடும்வரை போனைக் கையைவிட்டு வைக்கக் கூடாது. அத்துடன், தரவிறக்கிய கோப்பு போனிலேயே தங்கும் என்பதால் அதைத் தேடி அழிக்க வேண்டும். மூன்றாவதாக ஒன்று பலருக்கும் மறந்துபோகிறது. யாரோ உருவாக்கிய தமிழ் விசைப்பலகைச் செயலி போட்டிருந்தால், நீங்கள் தட்டிய சொற்களை அது கற்றுக்கொள்ளும். நாளைக்கு உங்கள் தம்பி 'க' என்று தட்டும்போது 'கடன் வழக்கு' என்று எடுத்துக் கொடுக்கவும் கூடும். விசைப்பலகை அமைப்புக்குள் போய் அந்தக் கற்றலை நிறுத்துங்கள், கற்றதையும் அழித்துவிடுங்கள்.

வி.பி.என்.

இந்தச் சொல் எங்கள் ஊர்களில் வீட்டுக்கு வீடு பழகியதற்குக் காரணம் தடைகள்தான். 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்பும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அந்த வாரத்தில், வெளிநாட்டிலுள்ள உறவினர்கள் செய்தி கேட்டுத் தவித்தபோது, கைக்கு அகப்பட்ட இலவச வி.பி.என். செயலிகளையெல்லாம் நாங்கள் போனில் ஏற்றினோம். அவற்றுள் சில இன்றும் பலருடைய போனில் உறங்கிக்கொண்டிருக்கின்றன. இந்த வழிகாட்டியில் நீங்கள் உடனே செய்யக்கூடிய முதல் வேலை, அவற்றைத் தேடிக் கழற்றுவது.

வி.பி.என். உங்கள் போக்குவரத்தை ஒரு மறையாக்கக் குழாய்க்குள் போட்டு, வேறொரு கணினி வழியாக வெளியே விடுகிறது. சேவை வழங்குநருக்குக் குழாய் மட்டும் தெரியும்; தளத்துக்கு அந்தக் கணினியின் முகவரி மட்டும் தெரியும். ஆனால் குழாயின் சொந்தக்காரருக்கு இரண்டும் தெரியும். அதாவது, நம்பிக்கை அழிந்துபோகவில்லை, டயலொக்கிடமிருந்து இன்னொருவர் கைக்கு மாறியிருக்கிறது. அந்த இன்னொருவர் முகவரி தெரியாத இலவசச் செயலிக்காரராக இருந்தால், பழையவரிடமே இருந்திருக்கலாம்.

தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தைப் பார்க்காமல், கடினமான வேளையில் அந்த நிறுவனம் எப்படி நடந்தது என்று பாருங்கள். சுவீடனைச் சேர்ந்த முல்வாட், மின்னஞ்சல்கூடக் கேட்காமல் ஒரு கணக்கு இலக்கத்தை மட்டும் கொடுக்கிறது. உறையில் பணத்தைப் போட்டு அனுப்பவும் விடுகிறது. 2023 ஏப்ரலில் பொலிஸார் தேடுதல் ஆணையுடன் அதன் அலுவலகத்துக்குச் சென்று, எடுத்துச் செல்லத் தரவு எதுவும் இல்லாமல் வெறுங்கையுடன் திரும்பினார்கள். பணம் கட்ட முடியாதவர்களுக்கு, சுவிற்சர்லாந்து நிறுவனமான புரோட்டனின், தரவு வரம்பில்லாத இலவச வி.பி.என். ஒரு நல்ல தெரிவு. அதே புரோட்டனின் மின்னஞ்சல் சேவை, 2021இல் சுவிற்சர்லாந்துச் சட்டப்படி வந்த கட்டளைக்குப் பணிந்து, பிரான்ஸ் நாட்டுச் செயற்பாட்டாளர் ஒருவருடைய ஐ.பி. முகவரியைப் பதிந்து கொடுத்ததையும் நினைவில் வையுங்கள். நல்ல நிறுவனமும் தன் நாட்டுச் சட்டத்துக்குள்தான் இருக்கிறது.

ஏற்றிய பின் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். வி.பி.என். போடுவதற்கு முன்னும் பின்னும் உங்கள் ஐ.பி. முகவரியைக் காட்டும் ஒரு தளத்துக்குப் போய், முகவரி மாறுகிறதா என்று பாருங்கள். பிறகு ஆண்ட்ராய்டு அமைப்புகளில் வலைப்பின்னல் பகுதிக்குள் வி.பி.என். என்ற இடத்தைத் திறந்து, அந்தச் செயலிக்கு அருகிலுள்ள பற்சக்கரக் குறியைத் தொட்டு, எப்போதும் இயங்கச் செய்யும் தெரிவையும் வி.பி.என். இல்லாத இணைப்பைத் தடுக்கும் தெரிவையும் இயக்கிவிடுங்கள். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும். இந்தத் தெரிவு இல்லாவிட்டால், இணைப்பு அறுந்து மீண்டும் வரும் அந்த ஒரு சில விநாடிகளில் உங்கள் சொந்த முகவரி வெளியே போய்விடலாம்.

டோர்

உண்மையான அநாமதேயம் தேவைப்படுபவருக்கு என் பரிந்துரை டோர் உலாவிதான். 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் பிறந்த 'வெங்காய வழிப்படுத்தல்' என்ற கருத்திலிருந்து இது வளர்ந்தது. இதன் வலையமைப்பு 2002இல் இயங்கத் தொடங்கியது. 2006 முதல் இலாப நோக்கற்ற ஓர் அமைப்பு இதை நடத்துகிறது. கடற்படை செய்ததைப் பொதுமக்களுக்குக் கொடுப்பானேன் என்று கேட்கலாம். கடற்படையினர் மட்டும் பயன்படுத்தும் ஒரு வழியில் போகிறவர் எவராயினும் அவர் கடற்படையினர் என்று தெரிந்துவிடும் அல்லவா? கூட்டம் இருந்தால்தான் ஒளிய முடியும்.

அது வேலை செய்யும் முறையை எங்கள் கரையோர வீதியை வைத்தே சொல்லிவிடலாம். மட்டக்களப்பிலுள்ள நீங்கள் அக்கரைப்பற்றிலுள்ள ஒருவருக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். அனுப்பியவர் நீங்கள் என்று வழியில் எவருக்கும் தெரியக் கூடாது. கடிதத்தை ஓர் உறையிலிட்டு, அதை இன்னோர் உறையிலிட்டு, அதையும் மூன்றாவது உறையிலிட்டு மூடுகிறீர்கள். வெளியுறையைக் காத்தான்குடியிலுள்ளவர் மட்டுமே திறக்கலாம். திறந்தால் 'களுவாஞ்சிகுடிக்குக் கொடு' என்று மட்டும் இருக்கும். களுவாஞ்சிகுடிக்காரர் தம் உறையைத் திறந்தால் 'கல்முனைக்குக் கொடு' என்று இருக்கும். கல்முனைக்காரர் கடைசி உறையைத் திறந்து அக்கரைப்பற்றில் சேர்க்கிறார். காத்தான்குடிக்காரருக்குக் கொடுத்தவரைத் தெரியும், போகும் இடம் தெரியாது. கல்முனைக்காரருக்குப் போகும் இடம் தெரியும், கொடுத்தவரைத் தெரியாது. நடுவிலிருப்பவருக்கு இரண்டுமே தெரியாது. டோரில் இந்த மூவரும் உலகின் வெவ்வேறு மூலைகளில் தன்னார்வலர்கள் நடத்தும் ஆயிரக்கணக்கான கணினிகளிலிருந்து தெரிவு செய்யப்படுகிறார்கள். கடிதம் இத்தனை கை மாறுவதால் வேகம் குறையும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த உவமையில் கல்முனைக்காரரைக் கொஞ்சம் கவனியுங்கள். கடைசி உறையைத் திறந்தபின் உள்ளே இருப்பது திறந்த கடிதமானால், அதை அவர் வாசிக்கலாம். ஆகையால் முகவரிப் பட்டையில் மறையாக்கம் இல்லை என்று எச்சரிக்கும் எந்தத் தளத்திலும், டோருக்குள் இருக்கும்போது, எதையும் எழுதாதீர்கள்.

நிறுவுவது எளிது. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரில், 'டோர் புராஜெக்ட்' என்ற அமைப்பின் பெயரில் வெளியானதை மட்டும் எடுங்கள். கணினிக்கு அந்த அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து எடுங்கள். ஒரே மாதிரியான வெங்காயப் படம் போட்ட வேறு செயலிகளைத் தொடாதீர்கள். ஐபோன்காரர்கள் அந்த அமைப்பே பரிந்துரைக்கும் 'ஆனியன் பிரவுசர்' செயலியைப் பயன்படுத்தலாம். திறந்ததும் இணைக்கும் பொத்தானை அழுத்திச் சற்றுக் காத்திருங்கள். இணையாவிட்டால் இணைப்பு அமைப்புக்குள் போய்ப் 'பாலம்' ஒன்றை, அதாவது டோருக்குள் நுழைவதற்கான மறைவான வழி ஒன்றை, தெரிவு செய்யுங்கள். ஸ்னோஃப்ளேக் என்ற பாலம், டோருக்குப் போகும் போக்குவரத்தைக் காணொளி அழைப்புப் போலக் காட்டித் தடையைத் தாண்டுகிறது. பிறகு பாதுகாப்பு நிலையை நடுத்தரத்துக்கு உயர்த்துங்கள். ஆக உயர்ந்த நிலை எல்லாத் தளங்களிலும் ஜாவாஸ்கிரிப்டை (பக்கத்துக்குள் ஓடும் நிரல்களை) நிறுத்திவிடும் என்பதால் பல தளங்கள் நொண்டும். உயிருக்கோ வேலைக்கோ ஆபத்தான வேளைக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு செய்யக் கூடாதவைதான் அதிகம். டோரைத் திறந்து உங்கள் சொந்த முகநூலுக்குள் போனால், முகமூடியைப் போட்டுக்கொண்டு பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டியது போலாகும். கணினியில் சாளரத்தை முழுத்திரைக்கு இழுக்காதீர்கள். எல்லாருடைய உலாவியும் ஒரே அளவாகத் தோன்றும்படி டோர் பார்த்துக்கொள்கிறது, அந்தக் கூட்டத்திலிருந்து நீங்களே விலகக் கூடாது. கூடுதல் நீட்சிகளைச் சேர்க்காதீர்கள். தரவிறக்கிய பி.டி.எஃப். அல்லது வேர்ட் கோப்பை இணைய இணைப்பு இருக்கும்போது திறக்காதீர்கள். அது டோரைத் தாண்டி நேரே வெளியே பேசக்கூடும். ஒரு தளத்தில் வேலை முடிந்ததும் 'புதிய அடையாளம்' என்ற தெரிவை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

உலாவியின் சாயல் என்று மேலே சொன்னேன். திரை அளவு, எழுத்துருக்கள், மொழி, நேர வலயம் என்பவற்றைச் சேர்த்துப் பார்த்தாலே ஒரு கருவியைத் தனித்து இனங்காண முடியும். 2010இல் எலெக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு நடத்திய ஆய்வில், சோதித்த சுமார் 4,70,000 உலாவிகளில் 83.6 வீதமானவை தனித்த சாயல் கொண்டிருந்தன. ஒரு பழைய தமிழ் எழுத்துரு நிறுவிய கணினி, இலங்கை நேர வலயம், ஆங்கில இடைமுகம் என்ற மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். உலகில் அப்படி எத்தனை பேர் இருப்பார்கள்? வி.பி.என். இதை மறைப்பதில்லை. டோர் உலாவி மறைக்க முயல்கிறது.

மடிக்கணினி உள்ளவர்களுக்கு டெயில்ஸ் என்ற இயங்குதளம் இன்னும் உறுதியான வழி. 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்றில் அதை ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கினால், எல்லாப் போக்குவரத்தும் டோர் வழியாகவே போகும். பென்டிரைவைக் கழற்றியதும் கணினியில் எந்தச் சுவடும் மிஞ்சாது. மண் அகழ்வைப் பற்றி எழுதும் அந்த அரச ஊழியருக்கு நான் இதையே சொல்வேன். ஆனால் அலுவலகக் கணினியில் வேண்டாம். கடைக் கணினியிலும் வேண்டாம்.

எங்கிருந்து, எப்போது

டோர் நீங்கள் போகுமிடத்தை மறைக்கிறது. நீங்கள் டோரைப் பயன்படுத்துவதை, பாலம் இல்லாவிட்டால், மறைப்பதில்லை. 2013 டிசம்பரில் ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் பரீட்சையைத் தவிர்ப்பதற்காகப் பொய்யான வெடிகுண்டு மிரட்டலை டோர் வழியாக அனுப்பினார். செய்த வேலை குற்றம்; அகப்பட்ட விதம் ஒரு பாடம். அவர் பல்கலைக்கழகத்தின் வைஃபையைப் பயன்படுத்தியிருந்தார். அந்த நேரத்தில் அந்த வலைப்பின்னலில் டோரைப் பயன்படுத்தியவர்கள் யார் யார் என்று பார்த்தபோது அவருடைய பெயரும் வந்தது. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ வளாக வைஃபையிலிருந்து வளாகத்தைப் பற்றியே முறைப்பாடு அனுப்புபவருக்கும் இதுவே நடக்கும். எந்த இடத்தைப் பற்றி எழுதுகிறீர்களோ, அந்த இடத்தின் வலைப்பின்னலிலிருந்து எழுதக் கூடாது.

நேரமும் ஒரு கைரேகை. உங்கள் கடமை முடிந்து அரை மணித்தியாலத்தில் பதிவு வருகிறது, ஊரில் மின்சாரம் தடைப்பட்ட அன்று வரவில்லை, பெருநாள் விடுமுறையில் தினமும் வருகிறது என்றால், கணக்குப் பார்க்கத் தெரிந்தவருக்கு அதுவே போதும். எழுதியதை உடனே போடாமல், ஒழுங்கில்லாத இடைவெளிகளில் போடுங்கள்.

இலக்கமும் தொடர்புப் பட்டியலும்

அநாமதேயக் கணக்கைத் திறக்கும்போது தொலைபேசி இலக்கம் கேட்கும் இடத்தில் நின்று யோசியுங்கள். இங்கே சிம், அடையாள அட்டையில்தான் பதிவாகிறது. இலக்கத்தைக் கொடுத்த கணமே அடையாள அட்டையும் உள்ளே வந்துவிடும். மச்சானின் பெயரிலுள்ள சிம் இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் மச்சானாக இருப்பார், அவர் உங்களைத்தான் காட்டுவார். இலக்கம் கேட்காத மின்னஞ்சல் சேவையை, டோர் வழியாகவே திறந்து, எப்போதும் டோர் வழியாகவே பயன்படுத்துங்கள். ஒரே ஒரு நாள் அவசரத்தில் நேரடியாக உள்நுழைந்தாலும், அந்த ஒரு பதிவு மற்றெல்லா நாட்களையும் உங்களோடு சேர்த்துக் கட்டிவிடும். பழைய கடவுச்சொல்லையும் பழைய மீட்பு மின்னஞ்சலையும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

முகநூலில் புனைபெயர்க் கணக்குத் திறப்பவர்களுக்கு ஒரு விசேட ஆபத்து உண்டு. உங்கள் இலக்கம் ஊரில் நூறு பேருடைய போனில் இருக்கிறது. அவர்களுள் பலர் தங்கள் தொடர்புப் பட்டியலை முகநூலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த இலக்கத்தில் கணக்கைத் திறந்தால், 'இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' என்று உங்கள் புனைபெயர் முதலில் போய் நிற்பது உங்கள் பெரியம்மாவின் திரையில்தான்.

உரையாடலுக்கு வட்ஸ்அப் மறையாக்கம் நல்லதுதான். ஆனால் ஒரு குழுவில் சேர்ந்தவுடன் உங்கள் இலக்கம் அங்குள்ள அத்தனை பேருக்கும் தெரியும். சிக்னல் என்ற உரையாடல் செயலியில் பதிவதற்கு இலக்கம் வேண்டும் என்றாலும், 2024 முதல் ஒரு பயனர்பெயரை வைத்துக்கொண்டு இலக்கத்தை மற்றவர்களுக்குக் காட்டாமலே பேசலாம். 2016இல் அமெரிக்க நீதிமன்றம் ஒரு கணக்கைப் பற்றிக் கேட்டபோது, சிக்னலால் கொடுக்க முடிந்தவை கணக்குத் திறந்த நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டுமே.

படங்களும் கோப்புகளும்

போனில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த நேரம், போனின் வகை, இடக்குறிப்பு இயங்கிக்கொண்டிருந்தால் எடுத்த இடத்தின் ஆள்கூறுகள் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். 2012 டிசம்பரில் தலைமறைவாக இருந்த, வைரஸ் எதிர்ப்பு மென்பொருளால் பெயர்பெற்ற ஜோன் மெக்கஃபியின் இடம் குவாத்தமாலா என்று உலகுக்குத் தெரிந்ததும் ஒரு சஞ்சிகை வெளியிட்ட படத்தின் ஆள்கூறுகளால்தான். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்தக் குறிப்புகள் களையப்படும். தெளிவாகப் போகட்டும் என்று ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். எளிய வழி, படத்தைத் திரையில் திறந்து திரைப்பிடிப்பு எடுத்து, அந்தத் திரைப்பிடிப்பை மட்டும் அனுப்புவது. மேலே தெரியும் அறிவித்தல் பட்டையை வெட்டிவிட மறக்காதீர்கள்.

முகத்தையோ பெயரையோ மறைக்க மங்கலாக்க வேண்டாம்; மங்கலாக்கியதை ஊகித்து மீட்க முடியும். கறுப்புப் பெட்டியால் முழுவதும் மூடுங்கள். போனிலுள்ள ஹைலைட்டர் தூரிகை கறுப்பாகத் தெரிந்தாலும் ஒளி ஊடுருவக்கூடியது. படத்தின் பிரகாசத்தைக் கூட்டினால் கீழே இருப்பது தெரிந்துவிடும்.

இவற்றையெல்லாம் செய்த பின்பும் படம் பேசும். பின்னணியில் கல்லடிப் பாலத்தின் ஒரு துண்டு, ஒரு பள்ளிவாசலின் மினாரா, கோபுரத்தின் நிறம், பாடசாலைக் கழுத்துப்பட்டி என்று எங்கள் ஊரார் படிக்கும் எழுத்துகள் வேறு. காணொளியில் ஒலியையும் கேளுங்கள்: எந்தப் பள்ளிவாசலின் பாங்கு, எந்தக் கோயிலின் ஒலிபெருக்கி, பாண்காரரின் ஓட்டோ எத்தனை மணிக்கு இசையைப் போட்டுக்கொண்டு அந்த ஒழுங்கையால் போகிறது என்பவை அங்கே வாழ்பவருக்குத் தெரியும். சந்தேகமிருந்தால் ஒலியை நீக்கிவிடுங்கள்.

கோப்புகளில் என் நண்பருக்கு நேர்ந்ததைத் தவிர்க்க, வேர்டில் கோப்பு, தகவல் என்று போய் ஆவணத்தைச் சோதிக்கும் தெரிவை அழுத்தி, எழுதியவர் பெயரையும் திருத்தக் குறிப்புகளையும் நீக்கலாம். டெயில்ஸில் இதற்கென்றே மெட்டாடேட்டா கிளீனர் என்ற கருவி இருக்கிறது. ஆனால் எழுத்து மட்டும்தான் விடயம் என்றால் கோப்பே வேண்டாம். மின்னஞ்சலின் உடலுக்குள் வெறும் எழுத்தாகத் தட்டுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டி யூனிகோடுக்கு மாற்றிய எழுத்தில் சில பிழைகள் திரும்பத் திரும்ப வரும். அதைப் பார்த்தே எந்தக் கடையில் தட்டியது என்று சொல்லக்கூடியவர்களை எனக்குத் தெரியும்.

மொழி

எந்தச் செயலியும் தொடாத இடம் இது. எங்களை அதிகம் காட்டிக்கொடுப்பதும் இதுதான். அமெரிக்காவில் தபாலில் குண்டுகளை அனுப்பி, 'யுனாபாம்பர்' என்ற பெயரில் பல ஆண்டுகள் அகப்படாமல் இருந்த டெட் கசின்ஸ்கி 1996இல் பிடிபட்டார். அவர் எழுதிய நீண்ட அறிக்கை முந்திய ஆண்டு பத்திரிகையில் வெளியானபோது, அந்த நடையை அவருடைய தம்பி அடையாளம் கண்டதே அதற்கு வழி திறந்தது. கணினி ஆய்வு எதுவும் தேவைப்படவில்லை. கூடப் பிறந்தவரின் காது போதுமாக இருந்தது.

யாழ்ப்பாணத்தவர் 'பேந்து' என்னும் இடத்தில் நாங்கள் 'மறுகா' என்கிறோம். 'என்னகா' என்று ஒரு வரியில் வந்தால் மட்டக்களப்பு என்று தெரியும். 'வாப்பா', 'ராத்தா' என்றால் எந்தச் சமூகம் என்பதும் தெரியும். ஊரை மறைக்க வேண்டுமென்றால், பாடப்புத்தகத் தமிழைவிட நல்ல முகமூடி இல்லை: முழு வாக்கியங்கள், உறவுச்சொற்கள் இல்லை, பழமொழிகள் இல்லை. யாழ்ப்பாணத்தவர் போலவோ இந்தியத் தமிழர் போலவோ நடித்து எழுத முயலாதீர்கள். மூன்றாவது வரியில் வழுக்கி விழுவீர்கள், விழுந்த இடத்தைப் பார்த்தே நடிப்பவர் யார் என்று கண்டுபிடிப்பார்கள். ரகர றகரம், ணகர னகரம் மாறும் உங்கள் வழக்கமான பிழைகள், வாக்கிய முடிவில் நீங்கள் வைக்கும் மூன்று புள்ளிகள், சிரிப்புக் குறி ஆகியவற்றையும் ஒருமுறை தேடித் திருத்துங்கள்.

சொல்லை மறைத்தாலும் விடயம் காட்டிக்கொடுக்கலாம். 2006இல் ஏ.ஓ.எல். என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் 6,50,000 பயனர்களின் தேடல்களை, பெயர்களுக்குப் பதில் இலக்கங்களைப் போட்டு ஆய்வுக்கென்று வெளியிட்டது. சில நாட்களிலேயே பத்திரிகையாளர்கள் ஓர் இலக்கத்துக்குரிய பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்; தன் ஊரையும் தன் குடும்பப் பெயர் உள்ளவர்களையும் அவர் தேடியிருந்தார். ஆகவே எழுதி முடித்ததும் ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே, இது எத்தனை பேருக்குத் தெரியும் என்று ஓர் எண்ணைப் போட்டுப் பாருங்கள். நால்வர் மட்டும் இருந்த கூட்டத்தில் பேசியதை எழுதினால், நீங்கள் நால்வரில் ஒருவர். அந்த விடயத்தைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால், எழுத்தில் உள்ள வேறொரு ஆதாரத்தைத் தேடிக் கண்டபின், அதை மேற்கோள் காட்டி எழுதுங்கள்.

சட்டம்

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பொய்யான கூற்றுகளையும், தடைசெய்யப்பட்ட நோக்கங்களுக்குப் போலிக் கணக்குகளைப் பயன்படுத்துவதையும் பற்றிப் பேசுகிறது. இந்த வழிகாட்டியில் உள்ள எதுவும் அவதூறுக்கோ மிரட்டலுக்கோ கேடயமாகாது. இலஞ்சம், ஊழல் பற்றிய தகவலாக இருந்தால், 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் தகவல் தருவோருக்கான பாதுகாப்பு ஏற்பாடுகள் இருக்கின்றன. அரைகுறையாக மறைந்து நின்று எழுதுவதைவிட, ஒரு சட்டத்தரணியைக் கலந்துகொண்டு உரிய இடத்தில் பெயருடன் சொல்வது பாதுகாப்பான வேளைகளும் உண்டு. என் நண்பருடைய விடயத்தில் அப்படித்தான் என்று பின்னால் தெரிந்தது.

அநாமதேயக் கணக்கால் செய்ய வேண்டிய காரியம் முடிந்ததும் அதை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். புதிய விடயத்துக்குப் புதிய பெயர், புதிய மின்னஞ்சல், புதிய கடவுச்சொல் வேண்டும். டெயில்ஸில் நிரந்தரச் சேமிப்பை உருவாக்கியிருந்தால் அதை அழியுங்கள்; பென்டிரைவை மறுபடி வடிவமைத்துவிட்டு, பிள்ளைகளின் பாட்டுகளை ஏற்றி வீட்டு மேசை லாச்சியில் போட்டுவையுங்கள்.